ஆப்பில் 1250 கலோரி, தினம் 45 நிமிட நடை, மூன்று வாரமாக முள் அசையவில்லை: கணக்கு எங்கே உதைக்கிறது?

தாமிரபரணிக்காரி:

வணக்கம். விவரத்தை அப்படியே போடுறேன், தப்பு எங்கன்னு பார்த்துச் சொல்லுங்க.

பெண், வயசு 38, உயரம் 156 செ.மீ. ஆரம்ப எடை 74.1 கிலோ. முதல் ரெண்டு வாரத்துல 72.3க்கு வந்துச்சு. அதுக்கப்புறம் மூணு வாரமா 72.0க்கும் 72.8க்கும் நடுவுலயே ஆடுது. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற வேலை.

ஆப் குடுத்த இலக்கு 1250. ஒரு வேளை விடாம எழுதுறேன். மாதிரிக்கு ஒரு நாள்:

காலை: இட்லி 3, சாம்பார் 1 கப், தேங்காய் சட்னி 2 ஸ்பூன் – 290
காபி 2, டீ 1 – 90
மதியம்: சாதம் 1 கப், கூட்டு 1 கப், பொரியல் அரை கப், மோர் – 430
சாயங்காலம்: சுண்டல் 1 கப் – 160
ராத்திரி: சப்பாத்தி 2, குருமா 1 கப் – 280

தினமும் 45 நிமிஷம் நடை, மணிக்கு 5 கிலோமீட்டர் வேகம். வாட்ச் 310 கலோரின்னு காட்டுது. ஆப் அந்த 310ஐச் சேர்த்து "இன்னும் சாப்பிடலாம்"னு பச்சைக் கலர்ல காட்டும். அந்தக் கணக்குல ஒரு கை வேர்க்கடலையோ, ராத்திரி கூட ஒரு தோசையோ எடுத்துக்கறேன்.

வீட்டுல நாலு பேர், சமையல் ஒண்ணுதான். சைவம், முட்டை உண்டு. தைராய்டு மாத்திரை 50 மைக்ரோகிராம் எடுக்கறேன், போன மாச டெஸ்ட் நார்மல். சுகர், பிபி இல்லை.

இலக்கை 1000 ஆக்கணுமா? நடையை ஒன்றரை மணி நேரம் ஆக்கணுமா? இல்ல, "உடம்பு பழகிடுச்சு"ன்னு சொல்றாங்களே, அதுதானா?

---

கிராம்_கணக்கு:

மூன்றுமே இல்லை. கணக்கைப் போட்டுப் பார்த்தால் உங்கள் உடம்பு ஒழுங்காகத்தான் நடந்துகொள்கிறது.

முதலில் செலவுப் பக்கம். மிஃப்லின் சூத்திரம் என்று ஒன்று 1990 முதல் புழக்கத்தில் இருக்கிறது. பெண்களுக்கு: எடை கிலோ × 10, கூட்டல் உயரம் செ.மீ × 6.25, கழித்தல் வயது × 5, கழித்தல் 161. ஆண்களுக்குக் கடைசியில் 161 கழிப்பதற்குப் பதில் 5 கூட்டல். உங்களுக்கு 720 + 975 − 190 − 161 = 1344. படுத்தே கிடந்தாலும் உடம்பு எரிப்பது இவ்வளவு. உட்கார்ந்த வேலைக்கு 1.2ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1613. நடைக்குச் சுமார் 135 (வாட்ச் சொல்லும் 310 ஏன் இல்லை என்று உடற்பயிற்சி தெரிந்தவர் யாராவது கீழே எழுதுவார்கள்). ஆக மொத்தம் 1750 சொச்சம்.

நீங்கள் நிஜமாகவே 1250 சாப்பிட்டிருந்தால் தினம் 500 துண்டு விழும். ஒரு கிலோ உடல் கொழுப்புக்குத் தோராயமாக 7700 கலோரி. வாரத்துக்கு 450 கிராம், மூன்று வாரத்துக்கு 1.3 கிலோவுக்கு மேல் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் உள்ளே போவதும் 1750 பக்கம்தான். "உடம்பு பழகிவிட்டது" என்பதற்கு மேலே உள்ள சூத்திரத்திலேயே பதில் இருக்கிறது: 2 கிலோ குறைந்ததற்காக அடிப்படைச் செலவு 20 கலோரிதான் குறையும். அதைத் தாண்டி உடம்பு கொஞ்சம் சிக்கனம் பிடிக்கும், உண்மைதான். அது ஒரு நாளைக்கு 500 கலோரியை விழுங்கும் அளவுக்கு இருக்காது.

மனம் வருந்த வேண்டாம். 1992இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் ஆய்வு வந்தது. "1200க்குக் கீழேதான் சாப்பிடுகிறேன், இறங்க மாட்டேன் என்கிறது" என்று சொன்னவர்களை எடுத்துத் துல்லியமாக அளந்தார்கள். வளர்சிதை மாற்றம் எல்லாருக்கும் சரியாகவே இருந்தது. சாப்பிட்டதைச் சராசரி 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. கண்ணால் அளந்தால் அப்படித்தான் வரும்.

உங்கள் பட்டியலில் நான்கு இடங்களில் ஓட்டை தெரிகிறது.

காபி, டீ. மூன்று தம்ளருக்கு 90 என்பது பாலே காட்டாத காபிக்கான பதிவு. ஆவின் பச்சைப் பாக்கெட்டில் கொழுப்பு 4.5 சதவீதம், 100 மில்லிக்கு 72 கலோரி அளவில் வரும். நீலத்தில் 3 சதவீதம், சுமார் 59. ஆரஞ்சில் 6 சதவீதம், சுமார் 87. பச்சைப் பால் 100 மில்லி, சர்க்கரை இரண்டு டீஸ்பூன் என்றால் ஒரு காபி 110. மூன்றுக்கு 300ஐத் தாண்டும். இந்த ஒரு வரியிலேயே 200 கலோரி தலைமறைவு.

சட்னி. தேங்காய் 100 கிராமுக்கு 350 முதல் 400. அதோடு பொட்டுக்கடலை 30 கிராம், தாளிக்க எண்ணெய் 10 கிராம் என்றால் அரைத்த சட்னி மொத்தம் 570 போல. தண்ணீர் சேர்த்து 300 கிராம் வந்தால், 100 கிராமுக்கு 190. நீங்கள் "2 ஸ்பூன்" என்பது ஆப்பின் டேபிள்ஸ்பூனா, சட்னிக் கிண்ணத்தில் கிடக்கும் குழிக்கரண்டியா? குழிக்கரண்டி என்றால் இரண்டுக்கு 60 கிராம், 115 கலோரி.

சாதம். ஆப்பில் இருக்கும் "1 கப்" அமெரிக்கக் கப், வெந்த சாதம் 158 கிராம், 205 கலோரி. நம் வீட்டுக் கிண்ணத்தில் குவித்துப் போட்டால் 250 கிராம் வந்துவிடும், 325 கலோரி. இங்கே இன்னொரு குழப்பமும் நடக்கும்: ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணை அரிசிக்குப் பச்சையாக 100 கிராமுக்கு 356 என்று சொல்லும் (அதில் ஆற்றல் கிலோஜூலில் இருக்கும், 4.184ஆல் வகுக்க வேண்டும்). வெந்ததை நிறுத்துவிட்டு இந்த எண்ணைப் போட்டால் மூன்று மடங்கு எகிறும். பச்சையாக அளந்துவிட்டு வெந்த சாதத்தின் எண்ணைப் போட்டால் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். ஏதாவது ஒரு முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய். இதுதான் பெரிய ஓட்டை. ஒரு கிராமுக்கு 9 கலோரி, ஒரு டீஸ்பூன் 40, ஒரு டேபிள்ஸ்பூன் 120. பொரியலில், கூட்டுத் தாளிப்பில், குருமாவில், சப்பாத்தியில் பிரிந்து கிடப்பதால் யாருக்கும் பிடிபடாது. அதனால் பதார்த்தம் பதார்த்தமாக அளக்க வேண்டாம். பாட்டிலை அளக்கவும். காலையில் சமைக்கும் முன் எண்ணெய் பாட்டிலைத் தராசில் வைத்து எழுதுங்கள், மறுநாள் அதே நேரம் மறுபடி. வித்தியாசத்தை நாலால் வகுத்தால் உங்கள் பங்கு. அப்பளம், பூரி பொரித்த அன்று மிச்ச எண்ணெயையும் நிறுத்துக் கழிக்க வேண்டும்.

அதற்கும் பொறுமை இல்லை என்றால் மளிகைச் சீட்டைப் பாருங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டில் 910 கிராம். நாலு பேர் வீட்டில் மாதம் 4 லிட்டர் தீர்ந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 30 கிராம், அதாவது 270 கலோரி. நெய் இதில் சேராது.

இதையெல்லாம் கூட்டினால் 1250க்கு மேல் குறைந்தது 300, 400 கண்ணில் படாமல் போகிறது. அதன் மேல் அந்த ஒரு கை வேர்க்கடலை: 30 கிராம், 170 கலோரி. 1750 வந்துவிட்டதா?

---

தசைநார்:

நடைக் கணக்கு நான் சொல்றேன்.

வாட்ச் மணிக்கட்டில் துடிப்பையும் கை ஆட்டத்தையும் வச்சு ஊகிக்குது. 2017இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 7 கருவிகளைச் சோதிச்சாங்க. ஆறு கருவிகள் இதயத் துடிப்பை 5 சதவீதப் பிசகுக்குள்ள சரியாச் சொல்லிச்சு. கலோரியில் இருக்கிறதிலேயே நல்ல கருவி சராசரியா 27 சதவீதம் தப்பு, மோசமானது 93 சதவீதம். துடிப்பைப் பார்க்க வாட்ச் நல்ல சாமான். கலோரிக்கு அதை நம்பிச் சாப்பிடக் கூடாது.

சமதளத்தில் நடக்க, கிலோ எடைக்கு, கிலோமீட்டருக்கு அரை கலோரி கூடுதலாச் செலவாகும். 45 நிமிஷத்தில் 3.75 கிலோமீட்டர்: 72 × 3.75 × 0.5 = 135. மெதுவோட்டம் என்றால் அரைக்குப் பதில் ஒன்று போடணும். இங்க "கூடுதலா" என்ற சொல் முக்கியம். அந்த 45 நிமிஷம் சோபாவில் இருந்தாலும் 50 கலோரிக்கு மேல எரிஞ்சிருக்கும். அது ஏற்கெனவே 1613க்குள்ள இருக்கு. வாட்ச் ரெண்டையும் சேர்த்துக் காட்டும், ஆப் அதை மறுபடி கூட்டும். ஒரே ரூபாயை ரெண்டு கடையில் செலவு பண்ற கதை.

ஆப் அமைப்புகளுக்குள்ள போய் "உடற்பயிற்சிக் கலோரியைச் சேர்" என்பதை அணைச்சிடுங்க. வாட்ச் இணைப்பையும் துண்டிச்சிடலாம். நடையைக் கலோரியா எழுத வேண்டாம். கிலோமீட்டர், நிமிஷம், தினசரி மொத்த அடி, இந்த மூணு போதும். மொத்த அடி ஏன்னா, காலையில் நடந்த தெம்பில் மிச்ச நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழாம இருக்கிறது ரொம்பச் சகஜம். நடந்த நாளும் நடக்காத நாளும் மொத்த அடியில் பெரிய வித்தியாசம் காட்டலைன்னா, நடை மத்த அசைவைத் தின்னுடுச்சுன்னு அர்த்தம்.

எட்டு வடிவத்தில் நடந்தா கூடுதலாக் கரையுமான்னு அடுத்து யாராவது கேட்பாங்க. எட்டுப் போட்டாலும் நேரா நடந்தாலும் கணக்கு தூரத்துக்கும் வேகத்துக்கும்தான். மாடியில் இடம் கம்மின்னா எட்டுப் போடுங்க, தப்பில்லை.

ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டாம். 45 நிமிஷம் ஏழு நாள்னா வாரம் 315 நிமிஷம். உலக சுகாதார அமைப்பு சொல்ற 150 முதல் 300ஐ நீங்க ஏற்கெனவே தாண்டியாச்சு. உங்க பட்டியலில் இல்லாதது தசைப் பயிற்சி. அதுவும் வாரம் ரெண்டு நாளாவது வேணும்னு அதே அமைப்பு சொல்லுது. அது இல்லாம எடை குறைஞ்சா, குறையறதில் கொழுப்போடு தசையும் போகும். அதனால ஏழில் ரெண்டு நாள் நடையை 20 நிமிஷமாக் குறைச்சு, மிச்ச நேரத்தை இதுக்குக் கொடுங்க:

நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. கை ஊன்றாம, இறங்க மூணு எண்ணிக்கை.
சுவரில் தண்டால். சுலபமாயிட்டா சமையல் மேடை விளிம்பில், அப்புறம் கட்டில் விளிம்பில்.
பையில் எடை போட்டு, இடுப்பிலிருந்து முன்சாய்ந்து, முழங்கையை விலாப்பக்கம் இழுப்பது. 5 கிலோ அரிசிப் பை போதும்.
மல்லாந்து படுத்து, முழங்கால் மடக்கி, இடுப்பைத் தூக்கி 2 நொடி நிறுத்துவது.

ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, 2 சுற்று, நடுவுல ஒன்றரை நிமிஷம் ஓய்வு. நிறுத்தும்போது "இன்னும் ரெண்டு முடியும்" என்ற நிலையில் இருக்கணும். 12 தடவை ரெண்டு சுற்றும் சுலபமா வந்துட்டா பையில் ஒரு கிலோ கூட்டுங்க, இல்ல மூணாவது சுற்று. நோட்டில் எழுத வேண்டியது பையின் எடையும் எத்தனை தடவை என்பதும்தான்.

ஒரு எச்சரிக்கை. இதைத் தொடங்கின முதல் ரெண்டு வாரம் தசையில் நீர் கோத்து எடை ஏறலாம். "எக்சர்சைஸ் பண்ணினா வெயிட் ஏறுது"ன்னு பாதிப் பேர் கைவிடுறது இங்கதான்.

---

அடுப்படி:

கணக்கெல்லாம் சரி. ஆனா காலை 7 மணிக்கு மூணு அடுப்பும் எரியும்போது தராசைத் தூக்கிக்கிட்டு நிக்கச் சொல்றது நடக்குற காரியமா? பத்து நாள் பண்ணுவாங்க, பதினோராம் நாள் ஆப்பையே அழிச்சிடுவாங்க. நான் சொல்றது வேற வழி: உணவை நிறுக்காதீங்க, பாத்திரத்தை நிறுங்க.

தராசு 5 கிலோ வரை தாங்கணும், ஒரு கிராம் நுணுக்கம், வெறும் பாத்திரத்தை வச்சுப் பூஜ்யம் ஆக்கும் பொத்தான் இருக்கணும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, குக்கர், சாம்பார்ப் பாத்திரம், சட்னிக் கிண்ணம், மாவு டப்பா எல்லாத்தையும் காலியா நிறுத்து, போன்ல ஒரு பட்டியல் போட்டுக்கோங்க. அப்புறம் உங்க கரண்டியில் சாதம் எவ்வளவு, சாம்பார் எவ்வளவு, சட்னி எவ்வளவுன்னு ஒவ்வொண்ணும் மூணு தடவை நிறுத்துச் சராசரி எடுங்க. அவ்வளவுதான். அதுக்கப்புறம் "சாம்பார் 2 கரண்டி" என்பதே ஒரு அளவு.

சாதம்: 300 கிராம் அரிசி வச்சா 1068 கலோரி. குக்கரைத் திறந்ததும் மொத்தத்தை நிறுத்துப் பாத்திர எடையைக் கழிச்சா 820 கிராம்னு வச்சுக்கோங்க. 100 கிராமுக்கு 130. உங்க வீட்டு அரிசிக்கும் தண்ணிக்கும் ஒரு தடவை பார்த்துட்டா அதே எண் மாசக்கணக்கா ஓடும். அரிசி மாறினா, பழைய அரிசி புது அரிசியானா மட்டும் மறுபடி பாருங்க. சுடச்சுடக் குக்கரைத் தராசு மேல நேரா வைக்காதீங்க, அடியில் ஒரு மரப்பலகை போட்டுப் பூஜ்யமாக்கிட்டு வைங்க. சூட்டில் தராசு பிசகும்.

மாவு: 800 கிராம் இட்லி அரிசி, 200 கிராம் உளுந்து, ஏறக்குறைய 3500 கலோரி. ஆட்டின மாவு 2.4 கிலோ வந்தா 100 கிராமுக்கு 145. இட்லிக் குழி ஒண்ணுக்கு 45 கிராம் மாவு பிடிச்சா இட்லி 65 கலோரி. அதே மாவில் தோசை 80 கிராம், எண்ணெய் ஒரு டீஸ்பூன்னா 155ல இருந்து 160. முறுகலா வேணும்னு சுத்தி ஊத்தினா 200. இட்லியும் தோசையும் ஒரே மாவுதானேன்னு நினைக்கிறவங்க இந்த இடத்துலதான் ஏமாறுவாங்க.

சாம்பாருக்குப் பெரிசாக் கவலைப்பட வேண்டாம். 100 கிராம் துவரம்பருப்பு, காய், புளி, 15 கிராம் எண்ணெய் எல்லாம் சேர்ந்து 580 வரும். 1.2 கிலோ சாம்பாருக்கு 100 கிராம் 50க்குக் கீழதான். குருமா வேற கதை. அதில் தேங்காய், கசகசா, முந்திரி எல்லாம் போகும். குருமா வச்ச அன்னைக்கு மட்டும் நிறுத்துப் பாருங்க. கீரை, சுரைக்காய், வெள்ளரி இதுக்கெல்லாம் கிராம் கணக்குப் பார்க்கிறது வீண் வேலை, அதில் விழுந்த எண்ணெயும் தேங்காயும் எழுதினாப் போதும்.

வேர்க்கடலையே வேண்டாம்னு சொல்றவங்களோட எனக்கு உடன்பாடு இல்லை. 20 கிராமா நிறுத்து டப்பாவில் போட்டு வச்சா 115 கலோரி, பசியும் அடங்கும். காபியில் ஒரு ஸ்பூன் சர்க்கரை குறைச்சு, பச்சையிலிருந்து நீலப் பாக்கெட்டுக்கு மாறினாலே ஏறக்குறைய அந்த இடம் கிடைச்சுடும்.

---

கிராம்_கணக்கு:

அடுப்படி சொல்லும் கரண்டி முறை என் முறையைவிட நீடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். எண்ணெய் பாட்டிலை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

புதிய இலக்குக்கு என் யோசனை: 1350 முதல் 1400, நடைக்குத் தனியாக எதுவும் சேர்க்காமல். 1750இல் 375 துண்டு விழுந்தால் வாரத்துக்கு 340 கிராம், உங்கள் எடையில் அரை சதவீதம். 1000 வேண்டாம். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் பெண்கள் 1200க்கும் ஆண்கள் 1500க்கும் கீழே போகாதிருப்பது நல்லது. அதற்குக் கீழே புரதமும் இரும்பும் கால்சியமும் அடங்காது. முதல் மைல்கல்லாக ஆரம்ப எடையில் 5 சதவீதம் வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 70.4. அதைத் தொட்ட பிறகு அடுத்தது.

புரதம் நாளுக்கு 75 முதல் 80 கிராம் வரட்டும். இப்போதைய பட்டியலில் அதில் குறைச்சல் இருக்கிறது, பசி எடுப்பதற்கும் அது ஒரு காரணம். முட்டை ஒன்றில் 6 கிராம். பச்சைப்பயறு பச்சையாக 50 கிராமில் 12. தயிர் 200 கிராமில் 6, 7. பன்னீர் 50 கிராமில் 9. சோயா உருண்டை காய்ந்த நிலையில் 30 கிராமில் 15, கலோரி 105தான். சுண்டலுக்குக் கொண்டைக்கடலை 50 கிராம் ஊறவைத்தால் 10. மதியச் சாதத்தில் 80 கிராம் குறைத்து அந்த 100 கலோரியை இரண்டாவது பருப்புக்கோ முட்டைக்கோ கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டுப் புரதம் கூட்டக் கூடாது, அவர்களுக்கு அளவு வேறு.

---

சராசரி:

எடை பார்க்கும் முறையைப் பற்றி யாரும் பேசவில்லையே. 72.0க்கும் 72.8க்கும் நடுவில் ஆடுகிறது என்பது, இறங்கவில்லை என்பதற்கு முழுச் சான்று ஆகாது. வாரம் 340 கிராம் இறங்கவேண்டிய இடத்தில், தண்ணீர் மட்டும் ஒரு நாளில் ஒரு கிலோ ஆடும். முந்தின நாள் ஊறுகாய், அப்பளம், கருவாடு போன்ற உப்பு, மாவுச்சத்து கூடினால் உடம்பில் சேரும் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் (உடம்பு சேமித்துவைக்கும் மாவுச்சத்து) ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர், மலச்சிக்கல், மாதவிடாய்க்கு முந்தைய வாரம், எல்லாமே எண்ணை ஆட்டும். முதல் இரண்டு வாரத்தில் இறங்கிய 1.8 கிலோவில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர்தான். அதை வேகம் என்று எடுத்துக்கொண்டதால்தான் இப்போது நின்றுபோனது போல இவ்வளவு உறுத்துகிறது.

காலையில் எழுந்து, கழிவறை போய்வந்து, காபிக்கு முன், அதே உடுப்பில், கெட்டியான தரையில் தராசை வைத்துத் தினமும் பாருங்கள். பாய், கார்ப்பெட் மேல் வைத்தால் எண் மாறும். தினசரி எண்ணுக்கு மதிப்புக் கிடையாது. 7 நாள் சராசரியை மட்டும் போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். பெண்கள் அதைவிட, சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிடுவது நல்லது, அதாவது 4 வாரத்துக்கு முந்தைய சராசரி. இடுப்பை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பு உச்சிக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் அளக்கவும். நம்மவர்களுக்குப் பெண்களில் 80, ஆண்களில் 90 செ.மீ என்பது எல்லைக்கோடு.

இனி எனக்குப் பிடித்த பகுதி. மேலே போட்ட 1750 ஒரு சூத்திரத்தின் ஊகம். ஆளுக்கு ஆள் 10 சதவீதம் இப்படியும் அப்படியும் போகும். நான்கு வாரம் எழுதியபின் உங்கள் சொந்த எண்ணை நீங்களே கண்டுபிடிக்கலாம். உதாரணம்: 28 நாள் நீங்கள் எழுதிய சராசரி 1480. வாரச் சராசரி எடை அந்த 28 நாளில் 72.5இலிருந்து 71.7க்கு வந்தது, 0.8 கிலோ. 0.8 × 7700 ÷ 28 = 220. ஆகவே எடை மாறாமல் நிற்கும் அளவு 1480 + 220 = 1700.

இதில் ஓர் அழகு உண்டு. நீங்கள் தினமும் சாம்பாரை 40 கலோரி குறைத்து எழுதினாலும் கவலை இல்லை. தவறு தினமும் ஒரே அளவாக இருந்தால் அந்த 1700க்குள்ளேயே அது அடங்கிவிடும், அடுத்த மாத இலக்கை அதே நோட்டின் கணக்கிலேயே வைத்துக்கொள்ளலாம். கெடுப்பது சீரில்லாத தவறுதான்: திங்கள் முதல் வெள்ளி வரை கிராம் கிராமாக எழுதிவிட்டு, சனி ஞாயிறு வெற்றாக விடுவது. வெற்று நாளை ஆப் சராசரியில் சேர்க்காது. உங்கள் இடுப்பு சேர்த்துக்கொள்ளும்.

இலக்கை மாற்றுவதென்றால் 4 வாரத்துக்கு ஒரு தடவை, 100 கலோரிக்கு மேல் வேண்டாம்.

---

மாத்திரைப்பெட்டி:

மருந்துப் பக்கம் சுருக்கமாக.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காபிக்கு முன் அரை மணி முதல் ஒரு மணி நேரம் விடுங்கள். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி. மேலே சோயா உருண்டை சொல்லியிருக்கிறார்கள். சாப்பிடலாம், ஆனால் சோயா இந்த மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். எனவே காலை வேளையில் வேண்டாம், மதியமோ இரவோ வைத்துக்கொள்ளுங்கள். அன்றாடம் சேர்ப்பதாக இருந்தால் 6 முதல் 8 வாரத்தில் டிஎஸ்ஹெச் (தைராய்டு ரத்தப் பரிசோதனை) ஒரு தடவை பாருங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: கிளிமெபிரைட், கிளிக்லசைட் போன்ற சர்க்கரை நோய் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சாதத்தைக் குறைக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லி மருந்தளவைப் பேசிக்கொள்ள வேண்டும். சாப்பாடு குறைந்து மருந்து குறையாவிட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கும். 70க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில், 15 நிமிடம் கழித்து மறுபடி அளவு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற வேறு வகைச் சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை அடியோடு வெட்டக் கூடாது. சர்க்கரை அளவு அவ்வளவாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்து அதில் உண்டு. பிபி மாத்திரை எடுப்பவர்களுக்கு எடை குறையக் குறைய எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால், அளவைக் குறைக்க வேண்டிய நேரம் வந்திருக்கலாம். மாத்திரையைத் தாமாக நிறுத்துவது கூடாது.

வாரம் ஒன்றரை கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறக்கினால் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு ஏறும். மாதவிடாய் தள்ளிப்போவது, படிக்கட்டில் மூச்சு வாங்குவது, கொத்துக்கொத்தாக முடி கொட்டுவது தெரிந்தால் கணக்கை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்கவும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் இப்படிக் குறைவாகச் சாப்பிடுவதைத் தாமாகத் தொடங்கவே கூடாது. எழுதாமல் சாப்பிடவே பயம் வருகிறது, சாப்பிட்டதை வாந்தி எடுக்கத் தோன்றுகிறது என்கிறவர்களுக்கு இந்த ஆப் முறையே ஆகாது.

---

தாமிரபரணிக்காரி:

எல்லாருக்கும் நன்றி. சட்னிக்கு நான் போட்டது குழிக்கரண்டிதான். டீ, காபி பச்சைப் பாக்கெட்தான். ஆப்புல வாட்ச் இணைப்பைத் துண்டிச்சாச்சு.

ஒரு சந்தேகம் பாக்கி. அடுத்த வாரம் ரெண்டு கல்யாணம். இலைச் சாப்பாட்டை எப்படி எழுதுறது? அன்னைக்கு ராத்திரி பட்டினி கிடக்கலாமா?

---

அடுப்படி:

பந்தியில் தராசு வேண்டாம், மொத்தமா 1100னு ஒரே வரியில் எழுதுங்க. வடை ஒண்ணுக்கு 140, அப்பளம் 65, பாயசம் ஒரு சின்னக் கப் 200, சாதத்து மேல ஊத்துற நெய் ஸ்பூனுக்கு 40. இதில் எது உங்களுக்கு உண்மையிலேயே பிடிக்குமோ அதைச் சாப்பிட்டு, மத்ததை இலையில் போட வேண்டாம்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. போட்ட பிறகு ஒதுக்கினா பக்கத்து இலைப் பெரியம்மா விட மாட்டாங்க.

---

சராசரி:

பட்டினி வேண்டாம். இரவில் பசிக்கு மோரும் ஒரு முட்டையும் போதும். வார மொத்தமாகப் பாருங்கள்: 1400 வீதம் 7 நாளுக்கு 9800. கல்யாணம் இரண்டு நாளும் 1650 போனால் 3300, மிச்ச 5 நாளுக்கு 1300 வீதம் 6500. சரியாகிவிடும். மறுநாள் காலைத் தராசில் ஒரு கிலோ கூடக் காட்டும். ஒரு கிலோ கொழுப்புக்கு 7700 கலோரி, ஒரு பந்தியில் அது முடியாது. அது உப்பும் தண்ணீரும்தான், மூன்று நாளில் போய்விடும். அந்த எண்ணையும் அழிக்காமல் எழுதுங்கள்.

---

தாமிரபரணிக்காரி:

சரி. எண்ணெய் பாட்டில் இன்னைக்குக் காலை 7 மணிக்கு 1146 கிராம். நாளைக்கு இதே நேரத்துக்கு நிறுத்துட்டு இங்கயே போடுறேன்.